சுழல்துப்பாக்கியின் மாற்றுருளை: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிய கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அச்சியந்திரம் என்றதும் குட்டன்பேர்க்கும், நீராவி இயந்திரம் என்றதும் ஜேம்ஸ் வாற்றும் நினைவுக்கு வருவதுபோல, றிவோல்வர் எனப்படும் சுழல்துப்பாக்கி என்றதும் சாமுவேல் கோல்ற்றின் பெயரே நினைவுக்கு வருகின்றது. ஆயின், அக்கருவி எவ்வாறு கையாளப்பட்டது, அதன் உறுப்புகளைப் பொருந்தச் செய்தவர் யாவர், அது யார் மீது பிரயோகிக்கப்பட்டது, எந்தச் சட்டம் அதன் வடிவத்தைத் தீர்மானித்தது ஆகிய வினாக்களை எழுப்பும்போது, தனியொருவரின் மேதைமை என்னும் விளக்கம் போதாததாகிவிடுகின்றது.

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குச் சுழல்துப்பாக்கியின் உறுப்புகளுள் ஒன்றாகிய உருளை மிகப் பொருத்தமானதாகும். ஐந்து அல்லது ஆறு அறைகளைக் கொண்டதும், ஒவ்வொரு வேட்டுக்கும் ஓர் அறையாகச் சுழன்று குழலின் பின்னே வந்து நிற்பதுமான இவ்வுறுப்பு, துப்பாக்கியிலிருந்து கழற்றப்பட்டு அதனிடத்தில் வேறோர் உருளை பொருத்தப்படக்கூடியதாக இருந்தது. இம்மாற்றுருளையே இக்கட்டுரையின் பொருளாகும். ஓர் உருளையை எடுத்து மற்றொன்றை வைத்தல் எளிய செயலாகத் தோன்றலாம். அச்செயல் இயலுமாவதற்கு வேண்டிய நுண்மையை இயந்திரம் அக்காலத்தில் முழுமையாகத் தந்திருக்கவில்லை என்பதும், தந்துவிட்டதாக உலகம் நம்பவைக்கப்பட்டது என்பதும் இங்கு நோக்கற்பாலன.

நிரப்புதலின் சிக்கல்

கோல்ற் 1835இல் இங்கிலாந்திலும், 1836 பெப்ரவரி 25இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் தமது சுழல்துப்பாக்கிக்கு ஆக்கவுரிமை பெற்றார். சுழலும் உருளை என்னும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. எலிஷா கொலியர் என்பவர் 1818இல் இலண்டனில் ஆக்கவுரிமை பெற்ற துப்பாக்கியும் சுழலும் உருளையைக் கொண்டதே. குதிரையைப் பின்னிழுக்கும்போதே உருளை சுழன்று, குழலுக்கு நேராகப் பூட்டப்படும் பொறியமைப்பே கோல்ற் கோரிய புதுமையின் மையமாகும். நியூ ஜேர்சி மாநிலத்துப் பற்றர்சன் நகரில் 1836இல் அவர் தொடங்கிய தொழிற்சாலையில் இத்துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

அக்காலத்தில் இன்றுள்ளவை போன்ற உலோகத் தோட்டாக்கள் வழக்கில் இருக்கவில்லை. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக வெடிமருந்தை இட்டு, அதன்மேல் ஈயக்குண்டை இறுக்கி, பின்புறத்திலுள்ள சிறு முலைகளில் செப்பாலான வெடிமூடிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தவேண்டியிருந்தது. ஐந்து வேட்டுகள் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அவற்றை மீண்டும் நிரப்புதற்கோ பல நிமிடங்கள் தேவைப்பட்டன. ஆகவே, சுழல்துப்பாக்கி சுடுதலின் வேகத்தைப் பெருக்கிய அளவுக்கு நிரப்புதலின் வேகத்தைப் பெருக்கவில்லை என்ற முரண்பாடு தொடக்கத்திலேயே அதனுள் உறைந்திருந்தது.

இம்முரண்பாட்டுக்குத் தரப்பட்ட முதல் விடையே மாற்றுருளையாகும். பற்றர்சன் துப்பாக்கிகள் பல, மேலதிக உருளையொன்றுடன் பெட்டியிலிடப்பட்டு விற்கப்பட்டன. ஐந்து அறைகளுக்கும் ஒரே தடவையில் மருந்திடுவதற்கான சிறப்புக் குடுவையும் அப்பெட்டியில் இடம்பெற்றது. ஓர் உருளையை முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பவர், வேட்டுத் தீர்ந்ததும் அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதே எதிர்பார்ப்பு.

நடைமுறையோ இவ்வளவு எளிதாக அமையவில்லை. கோல்ற்றின் துப்பாக்கியில் உருளைக்கு மேலாகச் செல்லும் சட்டம் கிடையாது. உருளையின் நடுவே செல்லும் அச்சில், ஓர் ஆப்பின் துணையால் குழல் இறுக்கப்பட்டிருந்தது. உருளையை மாற்றுவதாயின் ஆப்பை வெளித்தள்ளிக் குழலை முன்னிழுத்துக் கழற்றி, உருளையை அச்சிலிருந்து உருவி, புதியதை இட்டு, மீண்டும் குழலையும் ஆப்பையும் பொருத்தவேண்டும். இடையில் துப்பாக்கி மூன்று துண்டுகளாகக் கையில் இருக்கும். மேசையின்மீது இது அரிய செயலன்று. ஓடும் குதிரையின்மீதிருப்பவனுக்கு ஒரு துண்டு நழுவினாலும் துப்பாக்கியே இல்லாமற் போய்விடும்.

கையாளுதலில் வேறு இடர்களும் இருந்தன. ஓர் அறையின் தீப்பொறி அயல் அறைகளுக்குத் தாவி அவையும் ஒருசேர வெடித்துவிடும் அபாயம் இருந்தமையால் குண்டுகளின்மேல் கொழுப்புப் பூசப்பட்டது. கரும் வெடிமருந்தின் புகைக்கரி அச்சிற் படிந்து, சில சுற்றுகளுக்குப் பின் உருளையைச் சுழலவிடாது தடுத்தது. வெடித்த மூடிகளின் துணுக்குகள் பொறியமைப்புள் விழுந்து அதைச் சிக்கவைத்தன. யாவற்றுக்கும் மேலாக, மருந்தும் மூடியும் இடப்பட்ட மாற்றுருளையொன்றைப் பையிற் கொண்டு திரிதல் ஆபத்தானதாகும். அது கீழே விழுந்து ஒரு மூடி கல்லில் மோதினால் வெடித்துவிடக்கூடும். மாற்றுருளை நேரத்தை மீதப்படுத்தியது உண்மையே. அந்நேரத்துக்கான விலையைச் சுமப்பவனே செலுத்தவேண்டியிருந்தது.

எல்லைப்புறமும் அதன் மக்களும்

பற்றர்சன் தொழிற்சாலை 1842இல் முறிந்தது. அங்கு செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகள் மூவாயிரத்துக்கும் குறைவானவை. எனினும், அவற்றுட் சில இத்துப்பாக்கியின் எதிர்காலத்தை நிர்ணயித்த ஓரிடத்தைச் சென்றடைந்தன. 1836 முதல் 1845 வரை தனிக் குடியரசாக விளங்கிய ரெக்சாஸ், தன் கடற்படைக்காக 1839இல் 180 கைத்துப்பாக்கிகளைக் கொள்வனவு செய்தது. அவை பின்னர் ஜாக் ஹேய்ஸ் தலைமையிலான ரேஞ்சர் படையினரின் கைக்கு மாறின.

ரெக்சாஸின் மேற்குச் சமவெளிகள் கொமான்சி மக்களின் ஆட்சிப் பரப்பாக இருந்தன. குதிரையேற்றத்திலும் விற்போரிலும் அவர்கள் நிகரற்றவர்கள். ஒரு வேட்டுத் துப்பாக்கியை ஒருவன் நிரப்பி முடிப்பதற்குள் பல அம்புகளை எய்யவல்லவர்கள். மேலும் அக்காலத்து நீள்துப்பாக்கியைத் திறம்படக் கையாளக் குதிரையிலிருந்து இறங்கவேண்டியிருந்தது. எனவே, நெடுங்காலம் சமவெளிப் போரில் குடியேறிகளின் படைக்கலம் கொமான்சியரின் படைக்கலத்துக்குத் தாழ்ந்ததாகவே இருந்தது எனலாம்.

1844 ஜூன் 8ஆந் திகதி வோக்கர்ஸ் கிறீக் என்னுமிடத்தில் ஹேய்ஸும் சுமார் 15 ரேஞ்சர்களும் தம்மினும் பன்மடங்கு தொகையினரான கொமான்சிப் படையைச் சுழல்துப்பாக்கிகளுடன் எதிர்கொண்டு முறியடித்தனர். இச்சண்டை சுழல்துப்பாக்கியின் வெற்றியாகவே நூல்களில் இடம்பெறுகின்றது. அதன் இறுதிக்கட்டமோ வேறொன்றையும் உணர்த்துகின்றது. கொமான்சியர் மீண்டும் அணிதிரண்டபோது ரேஞ்சர்களிடம் வேட்டுகள் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டிருந்தன. நிரப்பிய துப்பாக்கி எவரிடம் உண்டு என ஹேய்ஸ் கேட்கவேண்டியதாயிற்று. அவ்வாறிருந்த ஒருவர் கொமான்சித் தலைவனைச் சுட்டு வீழ்த்திய பின்னரே சண்டை முடிவுற்றது. நிரப்புதலின் சிக்கல் வெற்றியின் நடுவிலும் தீராமலே இருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இச்சண்டையிற் பங்குகொண்ட சாமுவேல் வோக்கர், 1846இல் கோல்ற்றுடன் தொடர்புகொண்டு, துப்பாக்கி எவ்வாறு திருத்தப்படவேண்டும் என அறிவுறுத்தினார். அதன் பயனாக 1847இல், மெக்சிக்கோவுடனான போருக்கென, ஆறு அறைகளும் சுமார் இரண்டு கிலோகிராம் எடையும் கொண்ட பெருந்துப்பாக்கி உருவாயிற்று. குழலின் கீழேயே பொருத்தப்பட்ட நெம்புகோலினால், துப்பாக்கியைக் கழற்றாமலே குண்டுகளை அறைகளுள் இறுக்க முடிந்தது. பொருளாளனின் விளம்பரத்தைவிடப் பயன்படுத்தியவனின் அனுபவமே கருவியின் அடுத்த வடிவத்தைத் தீர்மானித்தது என்பது இங்கு தெளிவாகின்றது. அத்துப்பாக்கியின் உருளையைச் சுற்றி ஹேய்ஸின் சண்டைக் காட்சியே செதுக்கப்பட்டது. எவரைக் கொல்வதற்கு அக்கருவி பயன்பட்டதோ அவரது தோல்வியே அதன் அலங்காரமாகவும் விற்பனைச் சின்னமாகவும் ஆயிற்று.

எனினும், கொமான்சி மக்களின் வீழ்ச்சியைச் சுழல்துப்பாக்கியொன்றினால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. 1849இல் பரவிய வாந்திபேதி, காட்டெருமை மந்தைகளின் அழிப்பு, 1874இல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பிடித்துக் கொன்றமை ஆகியன அம்மக்களின் வாழ்வாதாரத்தையே தகர்த்தன. 1875இல் குவானா பார்க்கரும் அவரைச் சார்ந்தோரும் சில் கோட்டையிற் சரணடைந்தது இவற்றின் திரண்ட விளைவாகும். படைக்கலமொன்றை வரலாற்றின் நாயகனாக்கும் எழுத்து, பசியையும் நோயையும் நிலப்பறிப்பையும் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது.

இயந்திரமும் அரமும்

மாற்றுருளை தடையின்றிப் பயன்படுவதாயின், எந்த உருளையும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தவேண்டும். இதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டியுள்ளன. ஒவ்வோர் அறையும் குழலின் துளைக்கு நேராக வந்து நிற்கவேண்டும். உருளைக்கும் குழலுக்குமிடையே உள்ள இடைவெளி மிகச் சிறிதாக இருத்தல் வேண்டும். உருளையின் சுழற்சியைத் தடுக்குமளவுக்குச் சிறுத்தலும் ஆகாது. உருளையின் பின்புறப் பற்கள், அதைத் தள்ளிச் சுழற்றும் உறுப்புடன் சரியாக இசையவேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் குண்டு குழலின் விளிம்பைச் சிராய்க்கும். அல்லது உருளை பூட்டப்படாது நிற்கும்.

உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாகச் செய்யும் முயற்சி கோல்ற்றுக்கு முந்தியது. பிரான்சில் ஒனொரே பிளாங்க் செய்த துப்பாக்கிப் பூட்டுகளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதைத் தோமஸ் ஜெபர்சன் 1785இல் நேரிற் கண்டார். 1798இல் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்த எலி விற்னி, 1801இல் வாஷிங்ரனில் உறுப்புகளை மாற்றிப் பொருத்திக் காட்டிப் புகழ்பெற்றார். அவரது துப்பாக்கிகளின் உறுப்புகள் உண்மையில் அவ்வாறு மாற்றத்தக்கன அல்ல என்பதை றொபேட் வூட்பரி 1960இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இவ்விலக்கை மெய்யாகவே அணுகியவர் ஹாப்பேர்ஸ் பெரி அரச ஆயுதசாலையில் 1820களில் உழைத்த ஜோன் ஹோல் ஆவார். தனியார் இலாபத்துக்கு அப்பால், அரச செலவில் நீண்டகாலம் நிகழ்ந்த பரிசோதனையின் பேறாகவே அது கிட்டியது.

கோல்ற் ஹாட்போட் நகரில் நிறுவிய தொழிற்சாலை, எலிஷா றூற்றின் மேற்பார்வையில் இயந்திரங்கள் நிறைந்த பேராலையாக வளர்ந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெருங் கண்காட்சியில் அவரது துப்பாக்கிகள் பெருங் கவனத்தை ஈர்த்தன. அதே ஆண்டில் இலண்டன் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தில் உரையாற்றிய அவர், தமது உற்பத்தியின் மிகப் பெரும்பகுதி இயந்திரத்தினால் நிகழ்வதாக எடுத்துரைத்தார். 1853இல் இலண்டன் பிம்லிக்கோ பகுதியிலும் அவரது தொழிற்சாலையொன்று இயங்கத் தொடங்கியது.

1854இல் பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவொன்று சிறு படைக்கல உற்பத்தியை ஆராய்ந்தபோது, இயந்திர உற்பத்தியா கைவினையா என்பதே அதன்முன் நின்ற பெருவினாவாயிற்று. புகழ்பெற்ற பொறியியலாளர் ஜேம்ஸ் நாஸ்மித், கோல்ற்றின் தொழிற்சாலையைக் கண்டு வியந்தவராகச் சாட்சியமளித்தார். ஆனால், அதே தொழிற்சாலையின் உள்நிலையை அறிந்த ஒருவர், அங்கு உறுப்புகள் முற்றாக ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாக இல்லை எனச் சாட்சியமளித்தமை குறிப்பிடத்தக்கது.

அவரது கூற்றை நிறுவும் சான்று துப்பாக்கிகளிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கோல்ற் துப்பாக்கியின் சட்டத்திலும் குழலிலும் உருளையிலும் ஒரே தொடரிலக்கம் காணப்படுகின்றது. இயந்திரத்திலிருந்து வெளிவந்த உறுப்புகளைத் தொழிலாளர், உலோகம் மென்மையாக இருக்கும்போதே அரத்தினால் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்தினர். பின்னர் அவை கழற்றப்பட்டுச் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டன. அதன்பின் எந்த உறுப்பு எதனோடு சேரவேண்டும் என்பதை அறிதற்கே அவ்விலக்கம் தேவைப்பட்டது. எந்த உருளையும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்துமாயின் இலக்கமிடவேண்டிய தேவை எழுந்திராது. டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் வெளியிட்ட நூலில், அமெரிக்க உற்பத்தி முறையின் இவ்வுள்முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், மாற்றத்தக்க தன்மை விளம்பரத்தில் முதலிலும் உண்மையிற் பின்னருமே வந்தது என்பதாகும். இடையிலுள்ள தூரத்தைத் தொழிலாளியின் அரம் கடந்தது. ஆலைக்குப் புகழ் தேடித்தந்த இயந்திரத்தின் பெயர் நிலைத்தது. பொருத்தம் பார்த்த கையின் பெயர் பதிவுபெறவில்லை. அக்கையின் சுவடாக எஞ்சியிருப்பது உருளையில் அடித்த அந்த இலக்கம் ஒன்றே.

மேற்சட்டமும் திரைப்படமும்

1858 செப்ரெம்பரில் போர்டைஸ் பீல்ஸ் பெற்ற ஆக்கவுரிமையின் அடிப்படையில் ரெமிங்ரன் நிறுவனம் செய்த துப்பாக்கி, உருளையை மாற்றுதலை எளிதாக்கிற்று. இதில் உருளைக்கு மேலாகவும் சட்டம் அமைந்திருந்தமையால் குழலைக் கழற்றவேண்டிய தேவை இல்லை. குதிரையைப் பாதியளவு பின்னிழுத்து, நெம்புகோலைக் கீழிறக்கி, அச்சை முன்னிழுத்தால் உருளை பக்கவாட்டில் கையில் வந்து விழும். உடன் வேறொன்றை இட்டு அச்சைத் தள்ளிவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஐக்கிய அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரெமிங்ரன் துப்பாக்கிகளைக் கொள்வனவு செய்தது.

இவ்வெளிமையிலிருந்து ஒரு கற்பனையும் வளர்ந்தது. 1985இல் வெளிவந்த 'பேல் றைடர்' போன்ற திரைப்படங்களைக் காண்போர், அக்காலத்துப் போர்வீரர் யாவரும் இடுப்பில் நிரப்பிய உருளைகளைக் கொண்டு திரிந்தனர் என எண்ணக்கூடும். ஆனால், மாற்றுருளை அப்படையின் வழமையான வழங்கற்பொருளாக இருக்கவில்லை. வீரர்களுக்கு வழங்கப்பட்டவை மருந்தும் குண்டும் சேர்த்துத் தாளிற் பொதிந்த, ஆறாறாகக் கட்டப்பட்ட பொதிகளே. விரைவாகச் சுடவேண்டியிருந்த மிசூரிக் கரந்தடிப் படையினர் உருளையை மாற்றுவதைவிடத் துப்பாக்கியையே மாற்றினர். ஒருவரே பல துப்பாக்கிகளைக் கொண்டு திரிந்தனர். நுண்மையான உருளையொன்றின் செலவையும் நிரப்பிய உருளையைச் சுமக்கும் ஆபத்தையும் நோக்கும்போது இவ்விரு தெரிவுகளும் வியப்புக்குரியன அல்ல. இயலும் என்பதனால் மட்டும் ஒன்று வழக்காகிவிடுவதில்லை என்பது கருவிகளின் வரலாறு கற்பிக்கும் பாடங்களுள் ஒன்றாகும்.

சட்டத்தின் கை

உருளையை முழுவதும் ஊடுருவத் துளைத்துப் பின்புறமாகத் தோட்டாவை இடும் முறையே நிரப்புதலின் சிக்கலுக்கு நிலையான தீர்வாக இருந்தது. அம்முறைக்கு றோலின் வைற் என்பவர் 1855 ஏப்ரில் 3இல் ஆக்கவுரிமை பெற்றார். 1856இல் அதைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்ற ஸ்மித் – வெசன் நிறுவனம், துப்பாக்கி ஒன்றுக்கு 25 சதம் அவருக்குச் செலுத்த உடன்பட்டது. உரிமையை மீறுவோர்மீது வழக்காடும் செலவோ வைற்றின் தலையிலேயே விழுந்தது. 1857இல் அந்நிறுவனம் ஏழு அறைகளைக் கொண்ட சிறு துப்பாக்கியை விற்கத் தொடங்கியது.

இதன் விளைவாக, உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1861 முதல் 1865 வரையான ஆண்டுகளில், மேலான தீர்வு அறியப்பட்டிருந்தும் கோல்ற்றும் ரெமிங்ரனும் பழைய மூடிமுறையிலேயே லட்சக்கணக்கான துப்பாக்கிகளைச் செய்தன. நுட்ப அறிவின் குறைபாடன்று, சொத்துரிமைச் சட்டமே அக்கருவியின் வடிவத்தை உறையவைத்தது. 1869இல் ஆக்கவுரிமை காலாவதியாயிற்று. அதை நீடிக்கும் மசோதாவை ஜனாதிபதி கிறான்ற் 1870இல் நிராகரித்தார். புதுமையாளரான வைற் வழக்குகளிற் பெரும் பொருளிழந்தார். உரிமையைக் கையாண்ட நிறுவனமோ செழித்தது.

இக்காலத்தில் மாற்றுருளைக்கு இரண்டாவது வாழ்வு கிட்டியது. பழைய மூடித் துப்பாக்கிகளின் உருளைகளை நீக்கி, ஊடுருவத் துளைத்த புதிய உருளைகளைப் பொருத்துவதன் மூலம் அவை தோட்டாத் துப்பாக்கிகளாக மாற்றப்பட்டன. முன்பு நேரத்தை மீதப்படுத்துவதற்குப் பயன்பட்ட உருளை மாற்றம், இப்போது பழைய முதலீட்டைக் காப்பாற்றுவதற்குப் பயன்பட்டது. 1870இல் ஸ்மித் – வெசன் வெளியிட்ட, நடுவே மடிந்து வெறுந் தோட்டாக்கள் யாவற்றையும் ஒருசேர வெளித்தள்ளும் துப்பாக்கி, விரைவுக்காக உருளையை மாற்றவேண்டிய தேவையையே நீக்கிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவது வாழ்வொன்றும் வாய்த்தது. 1960களில் ரூகர் நிறுவனம் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு உருளைகளை வழங்கியது. அவற்றுள் ஒன்று மலிவான சாதாரண .22 தோட்டாவுக்கும், மற்றையது வலிமை மிக்க .22 மக்னம் தோட்டாவுக்கும் உரியன. இங்கு உருளையை மாற்றுதலின் நோக்கம் விரைவன்று, சிக்கனமே. பயிற்சிக்கு ஒன்றும் வேட்டைக்கு ஒன்றும் எனப் பயன்படுத்துவோர், எந்த உருளை பொருத்தப்பட்டுள்ளது என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்யவேண்டும். மக்னம் உருளையிற் சாதாரணத் தோட்டாவை இட்டுச் சுட்டால், அறை அகன்றிருப்பதனால் தோட்டாவின் கூடு பிளந்து போகும். நோக்கற்பாலது வேறொன்றும் உண்டு. அந்த மேலதிக உருளையிலும் துப்பாக்கியின் தொடரிலக்கத்தின் இறுதி எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நூறாண்டுக்கு மேற்பட்ட இயந்திர வளர்ச்சியின் பின்னரும், இவ்வுருளை இத்துப்பாக்கிக்கே உரியது எனக் குறித்துவைக்கவேண்டியிருந்தது.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒரே உறுப்பை மாற்றுதல் மூன்று காலங்களில் மூன்று வெவ்வேறு தேவைகளுக்கு விடையாக அமைந்தது புலனாகும். எல்லைப்புறப் போரில் அது விரைவைத் தேடியது. ஆக்கவுரிமை காலாவதியாகிய காலத்தில் பழைய முதலீட்டைக் காத்தது. நுகர்வுச் சந்தையில் சிக்கனத்தை நாடியது. கருவியின் உறுப்பு ஒன்றே. அதன் பொருளைச் சமூக உறவுகளே மாற்றின.

சுழல்துப்பாக்கி மனிதரைச் சமமாக்கியது என்பது அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய ஒரு கூற்று. அச்சமத்துவத்தில் சமவெளி மக்களுக்கு இடமிருக்கவில்லை. அரம் பிடித்த தொழிலாளிக்கும் அதன் புகழிற் பங்கு கிட்டவில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் இன்று காட்சிதரும் பழைய துப்பாக்கியொன்றை நோக்குவோர், அதன் குழலிற் பொறித்த நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடலாகாது. உருளையைச் சுற்றிச் செதுக்கிய சண்டைக் காட்சியில் வீழ்த்தப்பட்டோரையும், அதனருகே அடித்த சிறிய இலக்கத்தில் அதைப் பொருத்தியோரையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிக்கும்போதே ஒரு கருவியின் வரலாறு மனிதரின் வரலாறாகின்றது.